திறக்காத புல்பென் கதவு

2016 அக்டோபர் 4ஆம் தேதி இரவு, பால்டிமோரில் என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் நடந்தது டொரோண்டோவில். பால்டிமோர் ஓரியோல்ஸும் டொரோண்டோ புளூ ஜேஸும் மோதிய பேஸ்பால் வைல்டு கார்டு ஆட்டம் அது. ஒரே ஆட்டம்தான், தோற்றவர்களுக்கு அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. 2-2 என்று நின்றது ஸ்கோர். 8ஆவது இன்னிங்ஸ் போனது, 9 போனது, 10ம் போனது. எங்கள் அணி பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, மாற்றும் ஒவ்வொரு முறையும் பெரியவர் நாற்காலியின் நுனிக்கு வருவார். மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னின் கதவு திறக்கும். வேறு யாரோ வெளியே வருவார். பெரியவர் மறுபடி சாய்ந்துகொள்வார்.

நாங்கள் காத்திருந்தது ஸாக் பிரிட்டனுக்காக. அந்த ஆண்டு உலகத்திலேயே அவரைப் போல வீசியவர் இல்லை என்று நான் தயங்காமல் சொல்வேன். 67 இன்னிங்ஸ் வீசி, சராசரிக் கணக்கில் சேர்ந்தது வெறும் 4 ரன்கள். 9 இன்னிங்ஸுக்கு 0.54 ரன். முன்னிலையைக் காப்பாற்றச் சொல்லி அவர் கையில் பந்தைக் கொடுத்த 47 ஆட்டங்களில் 47ஐயும் காப்பாற்றினார். மட்டைக்கு அருகே வந்ததும் தரையை நோக்கி இறங்கிவிடும் சிங்கர் பந்து ஒன்றுதான் அவருடைய ஆயுதம். என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அடிக்க முடியாது. அடித்தாலும் பந்து தரையில்தான் உருளும்.

11ஆவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட்டான பிறகு கதவு திறந்தது. வந்தவர் உபால்டோ ஹிமெனெஸ், வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கும், ஆண்டு முழுக்கத் திணறிய ஸ்டார்ட்டர். டெவன் டிராவிஸ் ஓர் அடி, ஜாஷ் டொனால்ட்சன் ஓர் அடி, அப்புறம் எட்வின் என்கர்னாசியோன் இடது பக்கம் தூக்கிய பந்து திரும்பி வரவில்லை. 5-2. ஆட்டம் முடிந்தது, ஆண்டும் முடிந்தது. அணியின் மிகச் சிறந்த பிட்சர் ஒரு பந்துகூட வீசாமல் புல்பென்னிலிருந்து நடந்து போனார்.

பெரியவர் எதுவும் பேசவில்லை. மடியில் இருந்த ஸ்கோர் நோட்டை என்னிடம் நீட்டினார். ஆட்டம் தொடங்கும் முன் அணியின் ரிலீஃப் பிட்சர்கள் எல்லோருடைய பெயரையும் ஓரத்தில் வரிசையாக எழுதிவைப்பது அவர் வழக்கம். ஒருவர் உள்ளே வந்ததும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் டிக் போடுவார். 6 பெயர்களுக்கு டிக் இருந்தது. பிரிட்டன் பெயருக்கு இல்லை.

இந்த விளையாட்டோடு எனக்கு வந்த உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012இல் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்தான். பேஸ்பால் என்றால் யாரோ ஒருவர் மட்டையைச் சுழற்றிவிட்டு ஓடுவார் என்ற அளவுக்குத்தான் புரிந்திருந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவர் ஸ்பாரோஸ் பாயின்ட் உருக்காலையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வந்த அதே 2012இல்தான் அந்த ஆலையை மூடினார்கள். அவர் வாசல் படியில் ரேடியோவை வைத்துக்கொண்டு பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க அவருக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆயின.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் அணிக்கு 3 அவுட். டிரா கிடையாது. முடிவு தெரியும்வரை ஆடிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் இந்தக் காலத்தில் 5, 6 இன்னிங்ஸ் வீசுவார். அவருக்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் ரிலீவர்கள். மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்கிற அடைப்புக்குள் அவர்கள் காத்திருப்பார்கள். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவைத்து, 5 ஓவர் கழித்து மறுபடி கூப்பிடலாம். இங்கே அது முடியாது. வெளியே போனவர் போனவர்தான். ஆகவே யாரை எப்போது அழைப்பது என்பது திரும்ப எடுக்க முடியாத முடிவு. களத்தில் அணியை நடத்தும் மேனேஜரின் வேலையில் பாதி அதுதான்.

அந்த ரிலீவர்களின் உழைப்பை அளக்க இருக்கும் கணக்குக்குப் பெயர் சேவ். கடைசியாக வந்து, முன்னிலையை விட்டுக்கொடுக்காமல் ஆட்டத்தை முடித்துவைக்கிறவருக்குக் கிடைப்பது. தமிழில் எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். காப்பு என்பது அழகான சொல். ஆனால் நம்மிடம் காப்பு முதலில் வருவது. நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள், திருவிழாவின் தொடக்கத்தில் காப்புக் கட்டு. பேஸ்பாலில் அது கடைசிப் பக்கத்தில் வருகிறது. அதனால் சேவ் என்றே எழுதுகிறேன். ஆனாலும், காப்பு எந்த இடத்தில் வர வேண்டும் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை முழுக்க என்னைத் துரத்துகிறது.

இந்தக் கணக்கு வானத்திலிருந்து விழுந்தது இல்லை. ஒரு பத்திரிகையாளரின் நியாய உணர்விலிருந்து வந்தது. சிகாகோவில் எழுதிக்கொண்டிருந்த ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் தினமும் கப்ஸ் அணியைப் பின்தொடர்ந்தவர். பேஸ்பாலில் அணியின் ஒவ்வொரு வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சர் பெயரில் எழுதப்படும். 1959இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸின் ரிலீவர் எல்ராய் ஃபேஸ் 18 வெற்றி, 1 தோல்வி என்று ஆண்டை முடித்தார். நாடே அவரைக் கொண்டாடியது. ஹோல்ட்ஸ்மன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். பல ஆட்டங்களில் ஃபேஸ் உள்ளே வந்தபோது அணி முன்னிலையில் இருந்திருக்கிறது. அவர் அந்த முன்னிலையைக் கோட்டை விட்டிருக்கிறார், பிறகு மட்டையாளர்கள் ரன் எடுத்து ஜெயிக்கவைத்திருக்கிறார்கள். விதிப்படி வெற்றி ஃபேஸ் பெயருக்குப் போனது. அதே நேரம் கப்ஸின் டான் எல்ஸ்டனும் பில் ஹென்றியும் வந்து முன்னிலையை அப்படியே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர்களுடைய வேலைக்குப் பெயரே இல்லை. சரியாகச் செய்தவனுக்கு எதுவும் இல்லை, தவறவிட்டவனுக்கு வெற்றி. ஹோல்ட்ஸ்மனால் அதைப் பொறுக்க முடியவில்லை.

அவர் எழுதிய முதல் விதி கடுமையானது. சமன் செய்யும் ரன்னையாவது, அதாவது ரன் எடுத்தால் ஸ்கோரைச் சமன் செய்துவிடக்கூடிய ஆளையாவது, எதிர்கொண்டால்தான் சேவ், இல்லையென்றால் 2 ரன் முன்னிலையோடு கடைசி இன்னிங்ஸில் வந்து ஒருவரையும் பேஸில் (ரன்னுக்காக ஓடுகிறவர் நின்றுகொள்ளும் இடம்) விடாமல் முடிக்க வேண்டும். 1960இலிருந்து ஒரு விளையாட்டு வார இதழ் அதை வெளியிட்டது. 1969இல் பேஸ்பாலின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக் அதை அதிகாரபூர்வக் கணக்காக ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி சின்சினாட்டிக்கு எதிராகக் கடைசி 3 இன்னிங்ஸை வீசிய டாட்ஜர்ஸின் பில் சிங்கர்தான் முதல் அதிகாரபூர்வ சேவுக்குச் சொந்தக்காரர். ஏற்றுக்கொண்டபோது விதியைத் தளர்த்திவிட்டார்கள், 1974இல் இறுக்கினார்கள், 1975இல் இன்றுவரை இருக்கும் வடிவத்துக்கு வந்தது.

அந்த வடிவம் இதுதான். அணி ஜெயிக்க வேண்டும், ஆட்டத்தை முடித்தவராக இருக்க வேண்டும், வெற்றி வேறொரு பிட்சர் பெயரில் இருக்க வேண்டும். அதற்கு மேல் 3 வழிகள். முன்னிலை 3 ரன்னுக்குள் இருக்கும்போது வந்து குறைந்தது ஓர் இன்னிங்ஸ் வீசலாம். அல்லது, சமன் செய்யும் ரன் பேஸிலோ, மட்டையோடோ, அதற்கு அடுத்து ஆடக் காத்துக்கொண்டோ நிற்கும்போது வரலாம். அல்லது, முன்னிலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, கடைசி 3 இன்னிங்ஸை நன்றாக வீசி முடிக்கலாம்.

அந்த மூன்றாவது வழியின் விளைவைப் பெரியவர் நேரில் பார்த்தவர். 2007 ஆகஸ்ட் 22, பால்டிமோரில் எங்கள் கேம்டன் யார்ட்ஸ் மைதானம். டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராக ஓரியோல்ஸ் முதலில் 3-0 என்று முன்னால் இருந்தது. முடிவில் ஸ்கோர் 30-3. ஒரு மேஜர் லீக் அணி 30 ரன் எடுத்தது 1897க்குப் பிறகு அன்றுதான். டெக்சஸின் வெஸ் லிட்டில்டன் 14-3 என்ற நிலையில் 7ஆவது இன்னிங்ஸில் வந்து 3 இன்னிங்ஸ் வீசினார். 27 ரன் வித்தியாச வெற்றியில் அவருக்கு ஒரு சேவ். லிட்டில்டன் மேல் ஒரு தப்பும் இல்லை, கொடுத்த வேலையைச் செய்தார். பெரியவரின் பழைய நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். ரன்களை எழுதக் கட்டம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதியிருக்கிறார்.

ஆனால் அது அபூர்வம். என்னை உறுத்துவது முதல் வழி. 9ஆவது இன்னிங்ஸ், 3 ரன் முன்னிலை, பேஸில் யாரும் இல்லை. இந்த நிலையில் முன்னால் இருக்கும் அணி நூற்றில் கிட்டத்தட்ட 97 முறை ஜெயிக்கிறது. யார் வீசினாலும் ஏறத்தாழ இதே கதைதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 9ஆவது இன்னிங்ஸுக்குள் முன்னிலையோடு நுழையும் அணி நூற்றுக்குச் சுமார் 95 முறை ஜெயிக்கிறது. இந்த விகிதம், ஆட்டத்தை முடித்துவைக்க மட்டுமே ஒதுக்கிய குளோசர் என்ற சொல்லே இல்லாத காலத்திலும் இப்படித்தான் இருந்தது, ஒவ்வொரு அணியும் ஒரு குளோசருக்குக் கோடிகளைக் கொட்டிய காலத்திலும் இப்படித்தான் இருந்தது. முதல் முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன்.

1970களில் ரிலீவர்களைத் தீயணைப்பு வீரர்கள் என்றுதான் அழைத்தார்கள். 1976இலிருந்து ஆண்டின் சிறந்த ரிலீவருக்கு ஒரு விருது கொடுத்தார்கள், கோப்பைக்குப் பதில் தங்க முலாம் பூசிய தீயணைப்புத் தொப்பி. அந்தப் பெயருக்கு ஏற்றபடியே அவர்கள் உழைத்தார்கள். 1974இல் டாட்ஜர்ஸின் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் வந்து 208 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். இன்று பல ஸ்டார்ட்டர்களே அவ்வளவு வீசுவதில்லை. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய முதல் ரிலீவர் அவர். யாங்கீஸின் கூஸ் காசேஜ் 1978இல் 134 இன்னிங்ஸ் வீசினார், அதற்குக் கிடைத்த சேவ்கள் 27 மட்டுமே. 7ஆவது இன்னிங்ஸில் பேஸ் எல்லாம் நிரம்பியிருக்கும்போது கூப்பிடுவார்கள், அணைத்துவிட்டு ஆட்டம் முடியும்வரை அவரே நிற்பார். தீ எங்கே பற்றுகிறதோ அங்கே போவதுதான் வேலை.

பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதையும் அந்தக் காலத்தது. 1983 ஆகஸ்ட் 24. எதிரணி அன்றும் டொரோண்டோதான். ஓரியோல்ஸ் தன் விக்கெட் கீப்பர்களை, அதாவது கேட்சர்களை, எல்லாம் மாற்றித் தீர்த்துவிட்டு, லென் சகாட்டா என்கிற இன்ஃபீல்டரை (பேஸ்களுக்கு அருகே நின்று தடுக்கிறவரை) கேட்சராக நிறுத்தியிருந்தது. 10ஆவது இன்னிங்ஸில் டொரோண்டோ ஒரு ரன் முன்னிலை எடுத்து, பேஸில் ஓர் ஆளையும் வைத்திருந்தபோது டிப்பி மார்ட்டினெஸ் உள்ளே வந்தார். சகாட்டாவின் கையைச் சோதித்துப் பார்க்கலாம், பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடி எளிதாக பேஸ் திருடலாம் என்று டொரோண்டோக்காரர்கள் பேஸை விட்டுத் தள்ளித் தள்ளி நின்றார்கள். மார்ட்டினெஸ் திரும்பி முதல் பேஸுக்கு வீசினார், ஒருவர் அவுட். அடுத்து வந்தவரும் அப்படியே நின்றார், அவரும் அவுட். மூன்றாவது ஆளும் அப்படியே. ஒரே இன்னிங்ஸின் 3 அவுட்டும் பேஸில் நின்றவர்களைப் பிடித்தே! மட்டையாளர் ஒருவர்கூட அவுட்டாகவில்லை. பதிலுக்கு கேல் ரிப்கன் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார், சகாட்டாவே 3 ரன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். அந்த ஆண்டு ஓரியோல்ஸ் உலகச் சாம்பியன். இதைச் சொல்லும்போது பெரியவர் எழுந்து நின்று, இடது கையால் முதல் பேஸுக்கு வீசிக் காட்டுவார். மூன்று தடவையும்.

அப்புறம் வந்தது டோனி லா ருஸ்ஸாவின் ஓக்லாண்டு. 1978இல் ஸ்டார்ட்டராக 20 ஆட்டம் ஜெயித்த டென்னிஸ் எக்கர்ஸ்லியை, 32 வயதுக்கு மேல், 9ஆவது இன்னிங்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். அவர் 1988இல் 45 சேவ் எடுத்தார். 1990இல் 73 இன்னிங்ஸ் வீசி 4 பேருக்கு மட்டுமே இலவசமாக முதல் பேஸைக் கொடுத்தார். 1992இல் 51 சேவ், சை யங், அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது, எல்லாம். அவ்வளவு அழகாகச் செய்து காட்டிவிட்டதால் எல்லா அணிகளும் அதையே பிடித்துக்கொண்டன. சிறந்த ஆள் 9ஆவது இன்னிங்ஸுக்கு. அதுவும் முன்னிலை 3 ரன்னுக்குள் இருந்தால். அதாவது விதியில் எங்கே கோடு போட்டார்களோ, அங்கேயே மேனேஜர்களும் கோடு போட்டார்கள். சமநிலை என்றால் சொந்த ஊரில் வருவார், வெளியூரில் வர மாட்டார். ஏனென்றால் வெளியூரில் சமநிலையில் வந்தால் அவருக்கு சேவ் கிடைக்காது. வெளிப்படையாக அப்படி யாரும் சொல்வதில்லை. முன்னிலை கிடைத்த பிறகு காப்பாற்ற ஆள் வேண்டுமே என்பார்கள்.

2016இல் ஓரியோல்ஸ் மேனேஜர் பக் ஷோவால்டர் சொன்னதன் சாரமும் கிட்டத்தட்ட அதுதான். அவர் விவரம் இல்லாதவர் அல்ல. அதற்குள் 3 முறை ஆண்டின் சிறந்த மேனேஜராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 14 தோல்வி ஆண்டுகளில் கிடந்த எங்கள் அணியை 2012இல் தூக்கி நிறுத்தியவரும் அவரே. ஆனால் வெளியூரில், 9ஆவது இன்னிங்ஸுக்குப் பிறகு, சமநிலையில், உள்ளூர் அணியே கடைசியாக ஆடும் என்பதால், எதிரணியின் ஒவ்வொரு ரன்னும் கடைசி ரன். அதைவிடப் பெரிய தீ எங்கே பற்றும்? வராத முன்னிலைக்காகச் சிறந்த ஆளைப் பூட்டிவைத்தார்கள். முன்னிலை வரவே இல்லை.

இதற்கு 2 நாள் கழித்து நடந்தது எனக்கு இன்னும் வலித்தது. பாஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் கிளீவ்லாண்டு 4-3 என்று முன்னால் இருக்க, மேனேஜர் டெரி ஃபிராங்கோனா தன் மிகச் சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை 5ஆவது இன்னிங்ஸிலேயே அழைத்தார். 5ஆவது! மில்லர் 2 இன்னிங்ஸில் 40 பந்து வீசினார், கிளீவ்லாண்டு ஜெயித்தது. அடுத்த சுற்றில், எங்களை வீட்டுக்கு அனுப்பிய அதே டொரோண்டோவுக்கு எதிராக, 7 இன்னிங்ஸுக்கு மேல் வீசி ஒரு ரன்னும் கொடுக்காமல் 14 பேரை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்கவே விடாமல் அவுட்) செய்தார். தொடரின் சிறந்த வீரர் அவர்தான், கையில் இருந்த சேவோ ஒன்றே ஒன்று. இதே மில்லர் 2014இல் எங்கள் புல்பென்னில் இருந்தவர். பிரிட்டனுக்குப் பக்கத்து நாற்காலி.

சேவ் ஒரு மோசமான கணக்கு என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். இணையத்தில் நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆதாரமும் காட்டுவார்கள். 2007இல் கிளீவ்லாண்டின் ஜோ போராவ்ஸ்கி 45 சேவ்களோடு மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்தார், அவருடைய ரன் சராசரி 5.07. எங்கள் ஜிம் ஜான்சன் 2012இல் 51, 2013இல் 50 என்று எடுத்தார். அந்த இரண்டாம் ஆண்டில் 9 ஆட்டங்களைக் கோட்டை விட்டிருந்தார். ஓக்லாண்டுக்கு மாற்றப்பட்டு, சில வாரங்களிலேயே குளோசர் இடத்தை இழந்தார். ஆனால் 2012இல் ஜான்சன் ஓடி வரும்போது கேம்டன் யார்ட்ஸில் நானும் எழுந்து நின்றிருக்கிறேன். அந்த ஆண்டு ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் ஓரியோல்ஸ் 29இல் ஜெயித்து 9இல்தான் தோற்றது. எனக்கு இந்த விளையாட்டின் மேல் ஆசை வந்ததே அந்த ஒரு ரன் ஆட்டங்களால்தான். அந்த ஓட்டம் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

பிட்சர்களின் பக்கமும் இருக்கிறது. தன் நேரம் எப்போது வரும் என்று தெரிந்தால்தான் உடம்பையும் மனதையும் தயார் செய்ய முடியும் என்கிறார்கள். 5ஆவதிலா 9ஆவதிலா என்று தெரியாமல் தினமும் எழுந்து கையைச் சூடேற்றி, பிறகு வேண்டாம் என்று உட்காருவது தோளைத் தின்றுவிடும். அந்தப் பந்துகள் எந்தக் கணக்கிலும் வராது.

பிறகு, கூலி. இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. யாங்கீஸின் டெலின் பெட்டான்செஸ் 2014இலிருந்து 2016வரை 3 ஆண்டும் தொடர்ந்து ஆல்-ஸ்டார், அதாவது லீக்கின் சிறந்த வீரர்கள் அணியில் இடம்பெற்றவர். 2016இல் 73 இன்னிங்ஸில் 126 ஸ்டிரைக் அவுட். பெரும்பாலும் 7ஆவது, 8ஆவது இன்னிங்ஸில், தீ எரியும் நேரத்தில் வந்தவர். 2017இல் அவர் 50 லட்சம் டாலர் சம்பளம் கேட்டார், அணி 30 லட்சம்தான் தருவேன் என்றது, வழக்கு நடுவர்களிடம் போனது. அந்த நாள்வரை அவருடைய மொத்த சேவ்கள் 22. நடுவர்கள் அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். குளோசர் இல்லாதவர் குளோசர் சம்பளம் கேட்கிறார் என்பதுதான் அணியின் வாதம். அவரை எந்த இன்னிங்ஸில் அழைப்பது என்று முடிவு செய்தவர்கள் யார்? அவரா? பெயரில்லாத உழைப்புக்குப் பெயர் கொடுக்கத்தான் ஹோல்ட்ஸ்மன் அந்தக் கணக்கை எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, அந்தப் பெயர் கிடைக்காததையே காரணம் காட்டி ஒருவரின் கூலியைக் குறைத்தார்கள்.

ஹோல்டு என்றொரு கணக்கை 1986இல் கண்டுபிடித்தார்கள், நடுவில் வந்து முன்னிலையைக் காத்தவர்களுக்காக. இன்னும் அது அதிகாரபூர்வம் இல்லை. ஒவ்வொரு கணத்துக்கும் எவ்வளவு எடை என்று அளக்கும் லெவரேஜ் கணக்கும் வந்துவிட்டது, அணிகளின் அலுவலகங்களில் இன்று அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மைதானத்துப் பெரிய திரையில் சேவ்தான் மின்னுகிறது.

மரியானோ ரிவேராவைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. பனாமாவில் புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊரில் வளர்ந்து, அப்பாவின் படகில் வேலை பார்த்தவர். 652 சேவ், யாரும் தொடாத எண். 2019இல் பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களித்த 425 பேரும் அவருக்கே வாக்களித்தார்கள். அதற்கு முன்பு ஒருவருக்கும் அப்படி நடந்ததில்லை. கட்டர் என்கிற ஒரே வகைப் பந்து, கடைசி நொடியில் இடது கை மட்டையாளரின் பிடியை நோக்கித் திரும்பி மட்டையை உடைத்துவிடும். 2013இல் அவர் விடைபெற்றபோது மினசோட்டா அணி உடைந்த மட்டைகளால் செய்த ஆடும் நாற்காலியைப் பரிசளித்தது. பெரியவருக்கு யாங்கீஸ் என்றாலே ஆகாது. ரிவேரா வந்தால் மட்டும் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

அந்த ரிவேரா 1996இல் குளோசர் இல்லை. ஜான் வெட்டலண்டு 43 சேவ் எடுத்த ஆண்டு அது. ரிவேரா அவருக்கு முன்னால், 7ஆவதிலும் 8ஆவதிலும் வந்து, 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 130 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். சேவ் 5. ஆனாலும் சை யங் வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார். அந்த வாழ்க்கையில் மிக மதிப்பான ஆண்டு எது என்று என்னைக் கேட்டால், 652இல் 5 மட்டுமே கொடுத்த அந்த ஆண்டைத்தான் காட்டுவேன்.

2001 உலகத் தொடரின் 7ஆவது ஆட்டத்தில், 9ஆவது இன்னிங்ஸில், 2-1 முன்னிலையை ரிவேராவே இழந்தார். லூயிஸ் கொன்சாலெஸ் மட்டையில் சரியாகப் படாத பந்து இன்ஃபீல்டுக்குச் சற்றுப் பின்னால் போய் மெல்ல விழுந்தது, அரிசோனா சாம்பியன். யாங்கீஸ் ஜெயித்திருந்தால் நியூயார்க்கில் ஊர்வலம் நடந்திருக்கும். அணியில் இருந்த என்ரிக்கே வில்சன் அதற்காகத் தங்கியிருந்து, நவம்பர் 12ஆம் தேதி விமானத்தில் ஊருக்குப் போவதாக இருந்தது. தோற்றதால் முன்கூட்டியே கிளம்பிவிட்டார். அந்த நவம்பர் 12 விமானம் குவீன்ஸில் விழுந்து, அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. தோற்றதற்காகச் சந்தோஷப்படுகிறேன், என் நண்பன் உயிரோடு இருக்கிறானே என்று ரிவேரா பிறகு சொன்னார். பெரியவர் இந்தக் கதையை எனக்குச் சொன்ன அன்று, அதற்கு மேல் வேறெதுவும் பேசவில்லை.

அவருடைய நோட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஜெயித்த ஆட்டம் ஒவ்வொன்றிலும், அதை உண்மையில் காப்பாற்றிய அவுட் எது என்று அவர் நினைக்கிறாரோ அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்ன நட்சத்திரம் போடுவார். பெரும்பாலும் அது 9ஆவது இன்னிங்ஸில் விழாது. 6இல், 7இல் விழும். சில சமயம் 3ஆவதில்கூட. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சேவ் வாங்கியவர் பெயர் ஓரிடத்தில், நட்சத்திரம் வேறிடத்தில்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அவர் புளோரிடாவில் மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, டிவி பார்ப்பதும் குறைந்துவிட்டது. நோட்டு எழுதுவது என் வேலை. போன கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி நாற்காலிகள் காலியாக இருந்த ஆட்டம். 7ஆவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, பேஸ் மூன்றும் நிரம்பி ஒருவர் மட்டும் அவுட். புல்பென் கதவு திறந்து ஒரு பையன் ஓடி வந்தான். சில நாள் முன்புதான் மைனர் லீக்கிலிருந்து வந்தவன், முதுகில் பெரிய எண். பெரிய திரையில் அவனுக்கு ஒளியும் இல்லை, பாட்டும் இல்லை. இரண்டாவது பந்தே தரையில் உருண்டது. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவது பேஸுக்கு, அங்கிருந்து முதல் பேஸுக்கு. இரண்டு பேர் அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. 9ஆவதில் குளோசர் வந்து முடித்துக்கொடுத்தார், சேவ் அவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் பெரியவருக்கு போன் செய்தேன். ஸ்கோரைச் சொன்னேன். "நட்சத்திரம் எங்கே?" என்றார். 7ஆவதில், ஒரே ஓர் இரட்டை அவுட் என்றேன்.

"யார் வீசியது?"

பெயரைச் சொன்னேன். அவர் கேள்விப்படாத பெயர். மேசை இழுப்பறை திறக்கும் சத்தமும், காகிதம் புரளும் சத்தமும் கேட்டது. பென்சில் கிடைக்க நேரமாயிற்று. அப்புறம், ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகச் சொல்லச் சொன்னார்.